விருந்தும் கணக்கும்

மணிமேகலையின் கைக்கு வந்த அமுதசுரபி, எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் என்று காப்பியம் கூறுகிறது. அத்தகைய பாத்திரம் ஒன்று நம் வீட்டில் இருக்குமானால், விருந்துக்கு எவ்வளவு அரிசி வேண்டும், எத்தனை வடை சுட வேண்டும் என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை. நமக்கு வாய்த்தவையோ அண்டாவும் குண்டாவும் கரண்டியுமே. அண்டாவுக்கு அடி உண்டு. அது தெரியும் வேளையில் பந்தலில் இன்னும் நாற்பது பேர் பசியோடு நின்றால், விருந்து வைத்தவர் தலை குனிகிறார். அடி தெரியாமலே பந்தி முடிந்து, ஊசிப்போன சோற்றை மறுநாள் காலையில் குழி தோண்டிப் புதைக்க நேர்ந்தால் எவரும் தலை குனிவதில்லை; ஆயினும் உழுதவர் உழைப்பு அந்தக் குழிக்குள் போகிறது. இந்த இரண்டு இடர்களுக்கும் நடுவே செல்லும் வழி ஒன்று உண்டு. அதற்குப் பெரிய செல்வம் வேண்டாம். சிறிது கணக்கும், சிறிது மனித இயல்பைப் பற்றிய அறிவும் போதும். அவ்வழியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் பிறந்து வளர்ந்த ஊர் பந்தல்குடி. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக எட்டையபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் செல்லும் நெடுஞ்சாலையில், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே அது இருக்கிறது. சுற்றிலும் கரிசல் நிலம். வற்றாத ஆறு கிடையாது. கண்மாய் பெருகினால் அதன் கீழ் நெல் விளையும். ஏனையவை வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை பெய்யும் சில வாரங்களை நம்பிக் கம்பும் சோளமும் குதிரைவாலியும், பருத்தியும் மல்லியும், உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பார்கள். முற்காலத்தில் இவ்வட்டாரத்து மக்களின் அன்றாட உணவு கம்பங்கஞ்சியும் சோளச்சோறும் கேழ்வரகுக் களியுமே. நெல்லுச்சோறு என்பது தீபாவளி, பொங்கல், கலியாணம் முதலிய நாட்களில் மட்டும் இலைக்கு வந்த சிறப்புணவு. ஆகையால், கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் சோற்றையே பலகாரமாகக் கருதி உண்டார்கள். அவ்வாறு உண்பதை எவரும் பெருந்தீனி என்று எண்ணவில்லை. ஆண்டில் சில நாட்களே கிடைக்கும் ஒன்றை மனநிறைவோடு உண்பது இயல்புதானே?

அக்காலத்தில் எங்கள் பக்கத்துத் தவசிப்பிள்ளைகள் நிறுக்கவில்லை, முகந்தார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆக, ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. ஆளுக்கு ஓர் ஆழாக்கு அரிசி என்பது வீடுகளில் வழங்கிய பொதுக் கணக்கு. உழவர்கள் மிகுதியாக வரும் விருந்தானால் ஒன்றரை ஆழாக்கு என்று கூட்டிக்கொள்வார்கள். படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியதால், வெளியூரிலிருந்து வரும் தவசிப்பிள்ளை முதலில் அவ்வீட்டுப் படியைக் கையில் வாங்கிப் பார்ப்பார். பெண்ணின் பெயரைக் கேட்பதற்கு முன்பே படியைக் கேட்பார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டம் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, மெட்ரிக் முறை நாடெங்கும் பரவியது. அதன் பின்னர் இந்தத் தொல்லை நீங்கியது. ஓர் ஆழாக்கு அரிசியை இன்றைய எடையில் ஏறத்தாழ 140 கிராம் என்று கொள்ளலாம். அப்படியானால், 100 பேருக்குப் பழைய கணக்கில் 14 கிலோ முதல் 21 கிலோ வரை அரிசி வேண்டியிருந்தது.

இன்று அதே ஊரில், சாம்பார், ரசம், மோர், இரண்டு பொரியல், அப்பளம், வடை, பாயசம் என்று பரிமாறும் சாப்பாட்டுக்கு, 100 பேருக்கு 10 முதல் 12 கிலோ அரிசி போதும் என்பது என் கணக்கு. மனிதரின் வயிறு சுருங்கிவிட்டதா? இல்லை. நாள்தோறும் வீட்டில் அரிசிச் சோறு உண்போர் விருந்தில் அதைத் தேடி உண்பதில்லை. அதன் பக்கத்தில் இருப்பவற்றை நாடுகிறார்கள். விருந்தினர் வீட்டிலேயே தம் ஆசையை அளந்துகொண்டு வருகிறார்கள் என்று இதனைச் சொல்லலாம். ஆகவே, பாட்டி காலத்துக் கணக்கை அப்படியே பின்பற்றுவோருக்குச் சோறு மிஞ்சும். வருவோர் யார், அவர்கள் வீட்டில் என்ன உண்கிறார்கள், எந்த நேரத்தில் வருகிறார்கள் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்பே படியையோ தராசையோ தொட வேண்டும். இது முதற் பாடம்.

இக்கணக்கு மிகத் தெளிவாக அமைந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. எங்கள் ஊரைத் தாண்டிச் செல்லும் அதே சாலையில் உள்ள எட்டையபுரத்தில், 1956ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. பள்ளி உணவுக்கென நாடு முழுமைக்கும் வகுக்கப்பட்ட அளவு ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்குத் தானியம் 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். நடுநிலை வகுப்பு மாணவருக்குத் தானியம் 150 கிராம், பருப்பு 30 கிராம், காய்கறி 75 கிராம், எண்ணெய் 7.5 கிராம். காலையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையால் இவற்றைப் பெருக்கினால் உலைக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும்.

இங்குக் கணக்கு எளிதாக இருப்பதற்குக் காரணங்கள் மூன்று. உண்போர் எத்தனை பேர் என்பது அடுப்பு மூட்டும் முன்பே தெரியும். உண்ணும் பண்டங்கள் சிலவே. கரண்டி, பரிமாறுபவர் கையில் இருக்கிறது. இம்மூன்றும் கலியாண வீட்டில் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன. அங்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது ஊகம். பண்டங்களோ பல. ஆயினும், இலை போட்டுப் பந்தி பரிமாறும் வரையில் கரண்டியாவது வீட்டாரிடம் இருந்தது. அது பெரிய பாதுகாப்பு. கூட்டம் மிகுந்துவிட்டது என்று கண்டால், மூத்தவர் ஒருவர் பரிமாறுபவரைக் கண்ணால் பார்ப்பார். அடுத்த பந்தியில் பொரியல் கரண்டி அரைக் கரண்டியாகும். உண்போர் எவரும் அதை அறியமாட்டார்கள்.

அண்மைக் காலத்தில் எங்கள் வட்டாரத்துக் கலியாண மண்டபங்களிலும், கல்லூரி விழாக்களிலும் மேசை விருந்து வந்துவிட்டது. நீண்ட மேசை ஒன்றில் பலவகைப் பண்டங்களைப் பரப்பி வைத்துவிடுகிறார்கள். வந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு, நடந்து சென்று, தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்து உண்கிறார்கள். இது பிறநாட்டுப் பழக்கம். சுவீடன் நாட்டில் ஸ்மார்காஸ்போர்டு என்னும் மேசை விருந்து நெடுங்காலமாக உண்டு. 1939ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் சுவீடன் மண்டபத்தின் உணவகத்தில் அது வைக்கப்பட்டபோது உலகப் புகழ் பெற்றது. அந்நாட்டார் அம்மேசையை எவ்வாறு அணுகுகிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது. முதலில் மீன் வகைகளைச் சிறிது எடுத்து வந்து உண்பார்கள். பின்னர் வேறு தட்டோடு சென்று குளிர்ந்த இறைச்சி வகைகளை எடுப்பார்கள். அதன் பின்னரே சூடான உணவுக்குச் செல்வார்கள். சிறிது எடு, பல முறை செல் என்பதே அம்மேசையின் ஒழுக்கம். நாம் மேசையை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். ஒழுக்கத்தை அங்கேயே விட்டுவிட்டோம். அதனால் தட்டுகள் மலைபோல் நிறைகின்றன.

மேசை விருந்தில் கரண்டி விருந்தினர் கைக்கு மாறிவிடுகிறது. ஆகவே அங்குக் கணக்கு இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். அதற்கு அடிப்படையான உண்மை ஒன்றே: பண்டங்கள் பல, வயிறு ஒன்று. இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நீங்கள் எண்ணலாம். ஆனால், கடைக்குச் சாமான் பட்டியல் எழுத உட்காரும்போது அனைவரும் இதனை மறந்துவிடுகிறோம். 'வடை எல்லோருக்கும் போதுமாக வேண்டும்' என்று நினைத்து ஒரு தொகை எழுதுகிறோம். அடுத்துச் 'சுண்டல் எல்லோருக்கும் போதுமாக வேண்டும்' என்று நினைத்து இன்னொரு தொகை எழுதுகிறோம். இப்படியே ஆறு பண்டங்களுக்கும் எழுதி முடிக்கும்போது, ஒவ்வொரு விருந்தினரும் இரண்டு வயிறுகளோடு வருவார் என்று நம்மை அறியாமலே முடிவு செய்துவிட்டோம்.

பண்டங்கள் பலவானால் மக்கள் சிறிதும் கூடுதலாக உண்பதில்லையா என்று கேட்கலாம். உண்கிறார்கள். இதனை அளந்து பார்த்தவர்கள் உண்டு. பார்பரா ரோல்ஸ் என்னும் அறிஞரும் அவர் தோழர்களும் 1981ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உண்போருக்கு நான்கு சுற்றுகளாக ரொட்டித் துண்டுகளை அளித்தார்கள். சிலருக்கு நான்கு சுற்றிலும் உள்ளே வைத்த பண்டம் ஒன்றே; சிலருக்குச் சுற்றுதோறும் வேறு பண்டம். வேறு வேறு பண்டம் பெற்றவர்கள், ஒரே பண்டம் பெற்றவர்களைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உண்டார்கள். ஒரு சுவை சலித்தபின் புதிய சுவை பசியைச் சற்றே எழுப்புகிறது என்பது இதன் பொருள். கலியாண வீட்டில் வயிறு நிறைந்தது என்று கை கழுவ எழுந்தவர், பாயசத்தைக் கண்டு மீண்டும் அமர்வதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கு நாம் குறித்துக்கொள்ள வேண்டியது எண்ணைத்தான். வகை நான்கு மடங்கு ஆனபோது, உண்ட அளவு நான்கு மடங்கு ஆகவில்லை. ஒன்றேகால் மடங்கைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். எனவே, பண்டங்களைக் கூட்டும்போது மொத்தத்தைச் சிறிது கூட்டலாம். ஒவ்வொரு பண்டத்தின் அளவையும் குறைத்தே ஆக வேண்டும்.

மாணவர்களாகிய உங்களுக்கு நேரே பயன்படும் வகையில் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கல்லூரியில் பிரிவுபசார விழா. மாலை ஐந்து மணிக்குச் சிற்றுண்டி. வருவோர் 100 பேர். இரவுச் சாப்பாட்டை வீட்டிலோ விடுதியிலோ உண்ணப் போகிறார்கள். ஆகவே, ஒருவருக்கு எல்லாம் சேர்த்து 250 கிராம் உணவு தாராளம். மேசையில் வைக்கும் பண்டங்களை எங்கள் வட்டாரத்திலிருந்தே தேர்ந்தெடுக்கிறேன். உளுந்தவடை, பாசிப்பயற்றுச் சுண்டல், சாத்தூர்க் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், வாழைப்பழம் என ஆறு. பால்கோவாவுக்கு 2019ஆம் ஆண்டிலும் கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அயல்நாட்டுப் பண்டம் எதுவும் இன்றியே மேசை அழகு பெறும்.

இப்பொழுது 250 கிராமைப் பங்கிடுவோம். சிறு வடை ஒன்று 40 கிராம். ஆளுக்கு ஒன்றரை என்றால் 60 கிராம். சிலர் இரண்டு எடுப்பார்கள், சிலர் ஒன்றோடு நிற்பார்கள். சராசரியே நமக்கு வேண்டும். சுண்டல் 60 கிராம். காராச்சேவு 25. பால்கோவா ஒரு சிறு கரண்டி, 25. கடலைமிட்டாய் ஒன்று, 20. வாழைப்பழம் நான்கு பேருக்கு மூன்று என்று கொண்டால், தலைக்கு ஏறத்தாழ 60. கூட்டிப் பாருங்கள், 250 வருகிறது. 100 பேருக்கு 150 வடை வேண்டும். ஒரு கிலோ உளுந்தில் இந்த அளவில் ஐம்பது வடைக்குக் குறையாமல் வரும்; ஆக உளுந்து 3 கிலோ. வெந்த சுண்டல் 6 கிலோ. பயறு ஊறி வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஆகவே 3 கிலோ பயறு தாராளமாகப் போதும். காராச்சேவும் பால்கோவாவும் இரண்டரைக் கிலோ வீதம். கடலைமிட்டாய் 100. பழம் 75. இவற்றோடு நீர்மோர் 20 லிட்டர், சுக்குமல்லிக் காபி 10 லிட்டர்.

இதே மேசைக்கு, ஒவ்வொரு பண்டமும் எல்லோருக்கும் போதும் என்ற முறையில் எழுதியிருந்தால் என்ன ஆகும்? ஆளுக்கு வடை மூன்று, சுண்டல் 100 கிராம், காராச்சேவு 75, பால்கோவா 75, மிட்டாய் இரண்டு, பழம் ஒன்று என்று கை தானே எழுதிவிடும். தனித்தனியே பார்த்தால் இவற்றுள் ஒன்றும் மிகை என்று தோன்றாது. கூட்டினால் தலைக்கு 490 கிராம் வருகிறது. தேவையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. செலவும் இரு மடங்கு. விழாவுக்கு மாணவர்களிடம் திரட்டிய பணம் பற்றவில்லை என்னும் புலம்பல் பல நேரங்களில் இந்தக் கூட்டலைச் செய்து பார்க்காததிலிருந்து பிறக்கிறது.

சராசரியின்படி சமைத்தால், சராசரிக்கு மேல் உண்போர் வந்துவிட்டால் என்ன செய்வது? இங்குக் கணிதம் நமக்கு அழகான ஆறுதல் ஒன்றைத் தருகிறது. ஒருவர் கூடுதலாக உண்டால் மற்றொருவர் குறைவாக உண்பார். கூட்டம் பெருகப் பெருக இந்த ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. ஒருவர் உண்ணும் அளவு சராசரியிலிருந்து ஏறத்தாழப் பாதியளவு முன்பின்னாக விலகும் என்று கொள்வோம். அப்போது, மொத்தத்தில் ஏற்படும் விலகலை அறிய, அந்தப் பாதியை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். பாதுகாப்புக்காக அதனை இரு மடங்காக்குவோம். 25 பேர் என்றால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். 100 பேர் என்றால் பத்தில் ஒரு பங்கு. 400 பேர் என்றால் இருபதில் ஒரு பங்கே போதும். இவ்வாறு வைத்தால், பசியளவின் காரணமாகக் குறை நேர்வது நாற்பது விருந்துகளில் ஒன்றுக்கு மேல் இராது. பத்துப் பேருக்கு அழைப்பு விடுத்த வீட்டில் சோறு பற்றாமற் போவதும், ஆயிரம் பேர் உண்ட வீட்டில் அண்டா அண்டாவாக மிஞ்சுவதும் ஏன் என்பது இப்போது விளங்கும். சிறிய விருந்துக்கு வேண்டிய கூடுதல் விகிதத்தைப் பெரிய விருந்துக்கும் வைத்துவிடுகிறோம்.

ஆனால், வருவோரின் எண்ணிக்கைக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. மழை பெய்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் வராமல் நிற்பார்கள். அதே முகூர்த்தத்தில் பக்கத்துத் தெருவில் இன்னொரு கலியாணம் என்றால் கூட்டம் இரண்டாகப் பிரியும். பேருந்து நின்ற ஊரிலிருந்து எவருமே வரமாட்டார்கள். இங்கு ஏற்றமும் இறக்கமும் ஈடுசெய்துகொள்வதில்லை. அனைத்தும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஆகவே, அழைப்பிதழ்களை எண்ணாமல் தலைகளை எண்ண வேண்டும். உள்ளூர் அழைப்புக்குக் குடும்பமே வரும். வெளியூர் அழைப்புக்கு ஒருவரோ இருவரோ வருவர். உள்ளூர் அழைப்பு 60, ஒன்றுக்கு நால்வர். வெளியூர் அழைப்பு 80, ஒன்றுக்கு இருவர் என்றால் 400 பேர். அவர்களில் சிறுவர் 80 பேரை அரை ஆளாகக் கொண்டால், நாம் சமைக்க வேண்டியது 360 பேருக்கு.

இவ்வளவு எண்ணியும் ஐம்பது பேர் கூடுதலாக வரக்கூடும். அந்த ஐம்பது பேருக்கும் முன்கூட்டியே சமைத்து வைப்பது அறிவுடைமை ஆகாது. எங்கள் ஊர்த் தவசிப்பிள்ளைகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கழுவாத அரிசி ஒரு சாக்கு, ரவை ஒரு பை, அரைத்த மாவு ஒரு குண்டான், அணையாத அடுப்பு ஒன்று ஆகியவற்றை இறுதி வரை வைத்துக்கொள்வார்கள். கூட்டம் மிகுந்தால் கால் மணி நேரத்தில் உப்புமா தயாராகும். கூட்டம் வராவிட்டால் அரிசியும் ரவையும் கடைக்கே திரும்பும். சமைத்தது திரும்பாது; சமைக்காதது திரும்பும். கையிருப்பு பச்சையாகவே இருக்கட்டும் என்னும் இந்த விதியைவிடச் சிறந்த விதி விருந்துக் கணக்கில் இல்லை என்பேன்.

மொத்த அளவு சரியாக இருந்தும் விருந்து தவறிப்போவது உண்டு. அதனைக் காண வேண்டுமானால் கடைசிப் பந்தியில் யார் அமர்கிறார்கள் என்று பாருங்கள். காலை முதல் காய் நறுக்கிய பெண்கள், பாத்திரம் துலக்கியவர்கள், இலை எடுத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், வீட்டுப் பெண்கள் ஆகியோரே பெரும்பாலும் அங்கு இருப்பார்கள். முதற் பந்தியில் பாயசம் இரண்டு முறை வந்தது; கடைசிப் பந்தியில் சோறும் ரசமும் மட்டும் வருகின்றன. மேசை விருந்தில் இக்குறை இன்னும் பெரிது. முதலில் வந்தவர்களின் தட்டில் பாதி வடை கடிபட்டுக் கிடக்க, இறுதியில் வருபவர் வெறுந்தட்டோடு நிற்கிறார். வீணும் குறையும் ஒரே மேசையில், ஒரே மணி நேரத்தில் நிகழ்கின்றன. அங்கே குறைந்தது பண்டம் அன்று, பங்கீடு.

இதற்குப் பரிகாரம் மூன்று. முதலாவது, வேலை செய்வோரின் பங்கை முதற் பந்திக்கு முன்பே எடுத்து, மூடி வைத்துவிட வேண்டும். அது மிச்சம் அன்று, அவர்களுடைய உரிமை. இரண்டாவது, மேசையை ஒரே தடவையில் நிரப்பக் கூடாது. தொடக்கத்தில் பாதி, சற்று நேரம் கழித்துக் கால், இறுதியாக வருவோருக்குக் கால் என்று தவணையாக வைக்க வேண்டும். மூன்றாவது, தட்டும் கரண்டியும் சிறியனவாக இருக்கட்டும். விலையுயர்ந்த பண்டத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒருவர் நின்று எடுத்துக் கொடுக்கட்டும். எடுப்பவருக்கு இதில் இழிவில்லை; வேண்டுமானால் மீண்டும் வரலாம் அல்லவா?

தவணையாக வைப்பதில் உடல்நலத்துக்கும் நன்மை உண்டு. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும், சூடான உணவை 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. எங்கள் கரிசல் சீமையின் சித்திரை வெயிலில் தேங்காய்ச் சட்னியும் பால் பண்டமும் அதற்கும் முன்பே கெடலாம். மேசையில் திறந்து கிடந்து பல கைகள் பட்ட உணவை மறுபடியும் எவருக்கும் அளித்தல் ஆகாது. அடுப்படியில் மூடியிருந்த உணவை உரிய நேரத்துக்குள் கொண்டு சேர்த்தால், அது பசித்தவர்களுக்குப் பயன்படும். அதை யாரிடம் சேர்ப்பது, யார் எடுத்துச் செல்வது என்பதையும் விருந்துக்கு முந்திய நாளே முடிவு செய்துவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் அதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினால் சிந்தனை மட்டுமே மிஞ்சும்.

இது ஒரு வீட்டின் சிக்கனத்தோடு முடிந்துவிடும் செய்தி அன்று. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு, உண்ண முடியாத தோல், எலும்பு முதலியவற்றையும் சேர்த்து, ஏறத்தாழ 105 கோடி டன். மக்களுக்கு வந்து சேர்ந்த உணவில் அது 19 விழுக்காடு. அதில் 60 விழுக்காடு வீடுகளிலும், 28 விழுக்காடு உணவு வழங்கும் இடங்களிலும், 12 விழுக்காடு சில்லறைக் கடைகளிலும் வீணாயிற்று. இவ்வெண்கள் மிகப் பெரியவை. அவற்றைக் கண்டு மலைப்பதால் பயனில்லை. ஒரு படி உளுந்துக்காக எங்கள் பக்கத்து உழவர் கார்த்திகை வானத்தை எத்தனை நாள் அண்ணாந்து பார்க்கிறார் என்பதை அறிந்தவர்களுக்கு, ஒரு கடித்த வடையே போதிய பாடம்.

மாணவர்களே, நாளை உங்கள் கல்லூரியிலோ வீட்டிலோ ஒரு விருந்துப் பொறுப்பு உங்கள் கைக்கு வரும். அப்போது ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேரை எதிர்பார்த்தோம், எத்தனை இலை அல்லது தட்டு செலவாயிற்று, எவ்வளவு சமைத்தோம், எது முதலில் தீர்ந்தது, எது எவ்வளவு மிஞ்சியது என்ற ஐந்து செய்திகளை விருந்து முடிந்த அன்றே எழுதுங்கள். இரண்டு மூன்று விருந்துகளுக்குள் உங்கள் ஊருக்கும், உங்கள் மக்களுக்கும் பொருந்தும் அளவு அதில் தானே தெளிந்துவிடும். எந்தப் புத்தகத்தின் கணக்கையும் விட, நான் சொன்ன கணக்கையும் விட, அதுவே உங்களுக்கு நம்பத் தகுந்ததாக இருக்கும். அக்குறிப்பேட்டில் ஆறாவதாக ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடைசியாக உண்டவர் யார், அவர் தட்டில் என்னென்ன இருந்தன? முதலில் உண்டவர் தட்டில் இருந்தவை அனைத்தும் அங்கும் இருந்தன என்று எழுத முடிந்தால், உங்கள் கணக்கும் சரி, உங்கள் விருந்தோம்பலும் சரி.